வண்டியோட்டக் கற்பிப்போர் கையாண்ட கருவிகள்

கணக்கு ஆசிரியர் மாணவனுடைய ஏட்டைத் திருத்தும்போது அவர் கண்ணில் படுவது விடை ஒன்றே. விடை தவறாயின் சிவப்பு மையால் கோடிடுகிறார். சரியாயின் அடுத்த கணக்குக்குப் போகிறார். அந்த விடைக்கு வந்து சேர்வதற்கு மாணவனுடைய எண்ணம் எந்த வழியாக நடந்து வந்தது என்பது ஏட்டில் எழுதப்பட்டிருப்பதில்லை. பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதியவனுடைய விடையும், தானே சிந்தித்து எழுதியவனுடைய விடையும் ஒன்றுபோலவே இருக்கும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் நாம் பயின்ற கற்பித்தல் முறைகளிற் பெரும்பகுதி, மறைந்து கிடக்கும் அந்த வழியை ஆசிரியர் கண்முன் கொண்டுவருவதற்கென்றே வகுக்கப்பட்டது. மணிச்சட்டமும் எண்ணட்டையும் வாய்விட்டுச் செய்யும் கணக்கும் அதற்காகவே வந்தன.

இந்தத் தொல்லைக்கு நம்மைப் போலவே ஆளான வேறோர் ஆசிரியரும் உண்டு. நாம் அவரை ஆசிரியர் வரிசையில் வைத்து எண்ணுவதில்லை. அவருக்குக் கரும்பலகை கிடையாது. அவருடைய வகுப்பறையோ சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. மோட்டார் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவரையே குறிப்பிடுகிறேன். அவர் மாணவனுக்குப் பக்கத்தில் அமர்ந்து, அவனுடைய கைகளைப் பார்க்கிறார்; கால்களைப் பார்க்கிறார். ஆனால் அவன் கண்கள் சாலையில் எதைக் கண்டன, எதைக் காணாமல் விட்டன என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? நமது வகுப்பில் இந்த அறியாமையால் ஒரு மதிப்பெண் போகும். அவருடைய வகுப்பில் உயிர் போகும். மலேசியச் சாலைகளில் 2016ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 7,152 பேர் மாண்டார்கள். ஆகவே, அந்த ஆசிரியருக்கு உதவுவதற்கென ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அறிஞர்கள் என்னென்ன கருவிகளைச் செய்து பார்த்தார்கள், அவற்றுள் எவை கண்ணின் வேலையைக் காட்டின, எவை கைகால்களோடு நின்றுவிட்டன என்று ஆராய்வது நமக்கும் பயன்தரும்.

ஜெர்மனியில் அஷாஃபன்பர்க் என்னும் ஊரில் 1904ஆம் ஆண்டு ருடால்ஃப் கெம்ப் என்பவர் காரோட்டிகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அந்நாட்டின் முதல் ஓட்டுநர் பள்ளி அதுவே. இலண்டன் மாநகரின் பெக்கம் ரை பகுதியில் ஹியூ ஸ்டேன்லி ராபர்ட்ஸ் என்பார் 1910இல் ‘பிரிட்டிஷ் ஸ்கூல் ஆஃப் மோட்டாரிங்’ என்னும் பள்ளியை நிறுவினார். அதற்கு முன்பெல்லாம் வண்டியை விற்றவரே, வாங்கியவருக்கு ஓட்டவும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். இப்பள்ளிகளில் வண்டி ஓட்டுவதோடு இயந்திர நுட்பமும் சேர்த்தே கற்பிக்கப்பட்டது. அதில் வியப்பில்லை. அக்காலத்து வண்டியை முன்புறம் நின்று கைப்பிடியைச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். கைப்பிடி எதிர்த்து அடித்தால் மணிக்கட்டு முறியும். கியர் மாற்ற வேண்டுமானால் கிளட்சை ஒருமுறைக்கு இருமுறை மிதித்து, இயந்திரத்தின் ஓசையைக் காதால் அளந்து மாற்ற வேண்டும். இத்தகைய வண்டியைக் கட்டி மேய்ப்பதே பெரும் வித்தையாக இருந்தபடியால், ஆசிரியரின் கவனம் முழுதும் மாணவனுடைய கைகால்களின்மீதே தங்கிவிட்டது. சாலைகளில் மற்ற வண்டிகளும் மிகுதியாக இல்லை.

கைகால்களைக் கவனிக்கும் ஆசிரியருக்குக் கிடைத்த தலைசிறந்த கருவி, அவர் பக்கத்திலும் பொருத்தப்பட்ட இரண்டாவது பிரேக் மிதி. இன்றும் நம் நாட்டில் ஓட்டுநர் பள்ளி வண்டிகளில் அதைக் காண்கிறோம். அது எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேசுவது நன்றியன்று. ஆனால் ஆசிரியத் தொழிலின் கண்கொண்டு பார்த்தால் அதில் ஒரு குறையுண்டு. தூரத்தில் ஒரு சிறுவன் பந்தைத் துரத்திக்கொண்டு சாலையோரம் வருகிறான். பயிற்றாசிரியர் அவனைக் கண்டுகொண்டு தம் காலால் பிரேக்கை அழுத்துகிறார். வண்டி நிற்கிறது. மாணவன் அந்தச் சிறுவனைக் கண்டானா? கண்டிருந்தால் இன்னும் ஒரு நொடியில் அவனே நிறுத்தியிருப்பானா? ஆசிரியருக்கும் தெரியாது; மாணவனுக்கும் தெரியாது. மாணவன் கணக்குப் போடுமுன் ஆசிரியரே விடையை எழுதிவிட்டதற்கு ஒப்பானது இது.

பாஸ்டன் நகரத்து அட்டைகள்

கண்ணையும் கவனத்தையும் அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் முதன்முதல் செயலுருப் பெற்றதை அறிய நாம் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் செல்ல வேண்டும். அங்கு அப்போது டிராம் வண்டிகள் நெருக்கமான தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தன. விபத்துகள் பெருகின. ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் உளநூற் பேராசிரியராக இருந்த ஹூகோ மூன்ஸ்டர்பெர்க் என்னும் ஜெர்மானியரிடம் இந்தச் சிக்கல் வந்தது. நல்ல டிராம் ஓட்டியையும் விபத்துக்கு ஆளாகக்கூடிய ஓட்டியையும் முன்கூட்டியே பிரித்தறிய ஒரு சோதனை வகுக்க முடியுமா என்பது கேள்வி.

பொம்மை டிராம், பொம்மைத் தெரு, பொம்மை மனிதர்கள் ஆகியவற்றைச் செய்து வைப்பதே எவருக்கும் முதலில் தோன்றும் யோசனை. மூன்ஸ்டர்பெர்க் அதை ஏற்கவில்லை. ஒரு பொருளைச் சிறிதாக்கிக் காட்டினால் அது மனத்தில் எழுப்பும் உணர்ச்சி உண்மைப் பொருள் எழுப்பும் உணர்ச்சியாக இராது என்று அவர் கண்டார். தோற்றத்தில் டிராமைப் போல் இல்லாவிட்டாலும், உள்ளத்தின் வேலை டிராம் ஓட்டுவதைப் போல் இருக்க வேண்டும் என்று கருதி அவர் அமைத்த கருவி மிக எளியது. நீண்ட அட்டை ஒன்றின் நடுவில் நெடுக இரண்டு கோடுகள், அவையே தண்டவாளம். இருபுறமும் சிறுசிறு கட்டங்கள். அக்கட்டங்களில் 1, 2, 3 என்ற எண்கள் கறுப்பிலும் சிவப்பிலும் சிதறிக் கிடக்கும். 1 என்பது நடந்து செல்பவர். 2 என்பது குதிரை. 3 என்பது மோட்டார் வண்டி. ஒரே நேரத்தில் நடப்பவர் ஒரு கட்டமும், குதிரை இரண்டு கட்டமும், மோட்டார் மூன்று கட்டமும் நகர்வதாகக் கொள்ள வேண்டும். கறுப்பு எண்கள் தண்டவாளத்தோடு இணையாகச் செல்பவை, அவற்றால் தீங்கில்லை. சிவப்பு எண்கள் தண்டவாளத்தை நோக்கி வருபவை.

சோதிக்கப்படுபவர் ஒரு கைப்பிடியைச் சுழற்றுவார். சிறிய சாளரம் ஒன்றின் கீழே அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். எந்தச் சிவப்பு எண் சரியாகத் தண்டவாளத்தின்மேல் வந்து விழுமோ அதை மட்டும் அவர் கண்டு சொல்ல வேண்டும். மூன்று கட்டத்துக்கு அப்பால் உள்ள சிவப்பு 1 வந்து சேராது, அதை விட்டுவிடலாம். மூன்று கட்டத்துக்கு அப்பால் உள்ள சிவப்பு 3 வந்து சேரும். அதை விட்டால் விபத்து. கைப்பிடியை வேகமாகச் சுற்றுவதும் மெதுவாகச் சுற்றுவதும் அவருடைய விருப்பம். எடுத்துக்கொண்ட நொடிகளோடு, காணாமல் விட்ட ஒவ்வோர் அபாயத்துக்கும் பத்து வீதம் கூட்டி மதிப்பெண் கணக்கிட்டார் பேராசிரியர். டிராம் நிறுவனம் தன்னிடம் நெடுங்காலம் விபத்தின்றிப் பணியாற்றியவர்களையும், விபத்துகள் மிகுந்து வேலை போகும் நிலையில் இருந்தவர்களையும், இடைப்பட்டவர்களையும் அனுப்பிவைத்தது. அட்டைகள் தந்த முடிவும் நிறுவனத்தின் அனுபவமும் பெரும்பாலும் ஒத்துச் சென்றன. இவற்றையெல்லாம் அவர் 1913இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார்.

இச்சோதனை தேர்ந்தெடுப்பதற்காக ஏற்பட்டது, கற்பிப்பதற்காக அன்று. தகுதியற்றவரை வெளியே நிறுத்துவதோடு அதன் வேலை முடிந்தது. கவனம் என்பது பிறவியிலேயே அமைந்த ஒன்று, அதை மாற்ற இயலாது என்ற நம்பிக்கை அக்காலத்து உளநூலாரிடம் வலுவாக இருந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டு, ‘அவன் தலையெழுத்து’ என்று சொல்லும் ஆசிரியரின் மனப்போக்கும் அதுதானே! எனினும், சாலையில் ஓட்டுவோர் செய்யும் வேலையின் சாரம் என்ன என்பதை அந்தச் சிவப்பு எண்கள் மிகத் துல்லியமாகக் காட்டிவிட்டன. இப்போது இல்லாத, ஆனால் அடுத்த கணத்தில் வரப்போகும் ஒன்றைக் காண்பதே அது.

தேர்வும் சட்டமும்

1934ஆம் ஆண்டில் பிரிட்டனின் சாலைகளில் 7,343 பேர் உயிரிழந்தனர். அந்நாட்டில் காரோட்ட விரும்புவோர்க்கு அதுவரை தேர்வு ஏதும் இல்லை. போக்குவரத்து அமைச்சராக இருந்த லெஸ்லி ஹோர்-பெலிஷா காலத்தில் சட்டம் வந்தது. 1935 மார்ச் 16 முதல் விரும்பியவர்கள் தேர்வெழுதலாம் என்றும், 1934 ஏப்ரல் முதல் நாளுக்குப் பின் ஓட்டத் தொடங்கியவர்கள் யாவரும் 1935 ஜூன் முதல் நாளிலிருந்து தேர்வு பெற்றே ஆகவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. கட்டணம் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். தேர்வு நிலையங்கள் இல்லாமையால் தேர்வாளர்கள் இரயில் நிலையத்திலும் பூங்காவிலும் வந்து சந்தித்தார்களாம். நாமும் நம் பிள்ளைகளும் வண்டியில் ஒட்டிக்கொண்டு திரிந்த ‘எல்’ பலகை அப்போது பிறந்ததுதான். அதுவும் ஒரு கற்பித்தற் கருவியே. ஆனால் மாணவனுக்கு ஒன்றும் சொல்லாமல், மற்றவர்களைப் பார்த்துப் பேசும் கருவி.

தேர்வு வந்ததால் நன்மை விளைந்தது. அதை மறுப்பார் இலர். ஆயினும் தேர்வு வந்த இடத்தில் தேர்வுக்கென்றே கற்பிக்கும் பழக்கமும் வந்துவிடும் என்பதை ஆசிரியர்களாகிய நமக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மேட்டில் நிறுத்தி எடுத்தல், பின்னோக்கி ஓட்டித் திருப்புதல், கைச்சைகை காட்டல் என்று தேர்வாளர் காணக்கூடிய செயல்களையே பயிற்றாசிரியரும் பழக்கினார். தேர்வாளருக்கும் மாணவனுடைய கண் தெரியாதல்லவா?

அமெரிக்காவில் பள்ளிக்கூடமே இப்பணியை ஏற்றது. பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்டேட் காலேஜ் என்னும் ஊரில் பொறியியற் பேராசிரியராக இருந்த ஏமஸ் நெய்ஹார்ட், 1934 அளவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு வண்டியோட்டும் பாடம் நடத்தலானார். அதற்கு அவர் பயன்படுத்தியது தம் சொந்த கிரஹாம்-பேஜ் கார். அவரைப் பின்பற்றி நாடெங்கும் பள்ளிகள் இப்பாடத்தைச் சேர்த்தன.

அதே பத்தாண்டில், 1938இல், ஸ்மித் கல்லூரியில் இருந்த ஜேம்ஸ் கிப்சன் என்னும் உளநூலார் லாரன்ஸ் குரூக்ஸ் என்பவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓட்டுபவர் கண்ணுக்கு முன்னே, தடையின்றிச் செல்லத்தக்க ஒரு வெளி, நாக்கைப் போல் சாலையின்மீது நீண்டு கிடக்கிறது என்றார்கள் அவ்விருவரும். எதிரே வண்டி வந்தால் அந்த நாக்கு ஒடுங்கும். வளைவு வந்தால் வளையும். நிறுத்தியிருக்கும் வண்டிக்குப் பின்னாலிருந்து ஒருவர் வெளிப்படக்கூடும் என்றால் அந்தப் பக்கம் சுருங்கும். வண்டியைத் திருப்புவதென்பது அந்த வெளியின் நடுவே வண்டியை வைத்துக்கொள்வதே. கருவி எதையும் அவர்கள் செய்யவில்லை. சில படங்களே வரைந்தார்கள். கருவி செய்வோர் பலருக்கு அந்தப் படங்கள் எட்டவில்லை என்பது என் கருத்து. எட்டியிருந்தால் பின்வந்த முப்பது ஆண்டுகள் வேறு வகையாகக் கழிந்திருக்கும்.

இலண்டன் காவற்படையினர் ஹெண்டனில் 1935இல் தங்கள் ஓட்டுநர் பள்ளியைத் தொடங்கினர். அங்குச் சிறந்து விளங்கிய முறைகளுள் ஒன்றுக்கு இயந்திரமே தேவையில்லை. ஓட்டிக்கொண்டே வாய்விட்டுச் சொல்லுதல் என்பது அது. ‘முன்னே பேருந்து நிற்கிறது, ஆட்கள் இறங்குகிறார்கள், ஒருவர் குறுக்கே வரலாம், வேகத்தைக் குறைக்கிறேன், பின்னே ஒரு மோட்டார்சைக்கிள்’ என்று கண் காண்பதையெல்லாம் மாணவன் சொல்லிக்கொண்டே போக வேண்டும். வாய்விட்டுச் செய்யும் கணக்குக்கு நிகரான முறை! மாணவன் எதைச் சொல்லாமல் விட்டானோ அதைக் காணாமல் விட்டான் என்று ஆசிரியர் உடனே அறிந்துகொள்கிறார். செலவு ஒரு காசும் இல்லை. பிற்காலத்தில் பிரிட்டனில் நடந்த ஆராய்ச்சிகளும் இவ்வாறு பேசிப் பழகியவர்கள் அபாயத்தை விரைந்து கண்டுகொள்வதை உறுதி செய்தன. இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. கியர் மாற்றவே தடுமாறும் புது மாணவனைப் பேசவும் சொன்னால் அவன் இரண்டையும் விட்டுவிடுவான். வண்டியின்மேல் கை படிந்த பிறகே இதைத் தொடங்க வேண்டும்.

திரைக்கு முன் நின்ற வண்டிகள்

இயந்திரத்தின்மேல் நம்பிக்கை மிகுந்த காலம் ஒன்று வந்தது. இதற்கு வழிகாட்டியது ஆகாய விமானம். நியூயார்க் மாநிலத்தின் பிங்கம்டன் நகரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலைக்காரரின் மகன் எட்வின் லிங்க், 1929இல் தரையிலேயே நின்று விமானம்போல் சாய்ந்து திரும்பும் பயிற்சிப் பொறி ஒன்றைச் செய்தார். ஆர்கன் வாத்தியத்தின் காற்றுத் துருத்திகளே அதை அசைத்தன. இரண்டாம் உலகப் போரில் பல இலட்சம் விமானிகள் அதில் பழகினர். விமானத்துக்கு ஆவது காருக்கு ஆகாதா என்று கேட்டார்கள்.

ஏட்னா என்னும் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் அக்கேள்விக்கு விடை கூற முன்வந்தது. விபத்து நேர்ந்தால் பணம் கொடுக்க வேண்டியது அதுதானே! ‘டிரைவோடிரெய்னர்’ என்று அதன் கருவிக்குப் பெயர். 1953இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மோட்டார்த் தொழில் கற்பித்த உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அது அமைக்கப்பட்டது. ஓர் அறையில் சிறிய கார்கள் வரிசையாக நிற்கும். ஸ்டியரிங், பிரேக், கிளட்ச் எல்லாம் உண்டு. சக்கரம் மட்டும் ஓடாது. எதிரே திரையில் சாலைக் காட்சி படமாக ஓடும். ஒவ்வொரு மாணவனும் எப்போது மிதித்தான், எப்போது திருப்பினான் என்பதை ஒரு பொறி பதிந்துகொண்டே இருக்கும். ஆசிரியர் ஒருவர் வகுப்பு முழுவதையும் ஏககாலத்தில் கவனிக்கலாம். தவறு செய்தால் எவரும் சாவதில்லை.

இக்கருவியின் அழகை வியக்காமல் இருக்க முடியாது. ஆயினும் மாணவன் இடப்புறம் திருப்பினாலும் படம் நேரே போய்க்கொண்டே இருந்தது. எழுதியவன் எதை எழுதினாலும் தன்போக்கில் அடுத்த வரிக்குச் செல்லும் ஆசிரியரைப் போன்றது அது. மேலும், அது பதிந்தது காலின் செயலையே. காலத்தோடு மிதித்தவன் அபாயத்தைக் கண்டு மிதித்தானா, அந்தப் படத்தை முன்பே பார்த்திருந்ததால் மிதித்தானா? மூன்ஸ்டர்பெர்க் ஒதுக்கித்தள்ளிய பொம்மைத் தெரு, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பெரும் பொருட்செலவில் திரும்பி வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கண்ணை நேரே காணும் வாய்ப்பு, கண்ணின் பார்வை எங்கே விழுகிறது என்பதைப் படம்பிடிக்கும் கருவி வந்த பிறகே கிட்டியது. ஓஹையோ மாநிலப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த மௌரன்ட், ராக்வெல் என்னும் இருவர் புதிய ஓட்டுநர் அறுவரையும் பழகிய ஓட்டுநர் நால்வரையும் உண்மைச் சாலையில் ஓட்டச் செய்து, 1972இல் தங்கள் முடிவை வெளியிட்டனர். புதியவர்களின் பார்வை வண்டிக்கு மிக அருகே, சாலையின் ஓரத்திலேயே ஒட்டிக்கிடந்தது. வண்டி கோட்டைத் தாண்டிவிடக் கூடாதே என்ற அச்சத்தில் ஓரத்தையே பார்த்துக்கொண்டு போனார்கள். பழகியவர்கள் தொலைவில் பார்த்தார்கள். கண்ணாடியையும் அடிக்கடி பார்த்தார்கள். வாசிக்கத் தொடங்கும் பிள்ளை எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படிப்பதும், பழகியவன் சொற்றொடர் முழுவதையும் ஒரே பார்வையில் வாங்கிக்கொள்வதும் நம் நினைவுக்கு வருகின்றன அல்லவா? பக்கத்தில் அமர்ந்திருந்த எத்தனை பயிற்றாசிரியர்கள், ‘ஸ்டியரிங் ஒழுங்காக இருக்கிறது’ என்று இந்த மாணவர்களைப் பாராட்டியிருப்பார்கள்!

கசப்பான முடிவுகள்

அமெரிக்க அரசாங்கம் ஒரு பெருஞ்சோதனைக்குப் பொருள் செலவிட்டது. ஜார்ஜியா மாநிலத்தின் டிகால்ப் மாவட்டத்தில் 16,000க்கும் மேற்பட்ட மாணவர்களை மூன்று பிரிவாகக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர்க்கு வகுப்பறைப் பாடம், சிமுலேட்டர், பயிற்சித் திடல், சாலை ஓட்டம் என்று அக்காலத்தில் அறியப்பட்டவை அனைத்தும் சேர்ந்த நீண்ட பயிற்சி. மற்றொரு பிரிவினர்க்கு உரிமம் பெறுவதற்கு வேண்டிய அளவு மட்டும். மூன்றாம் பிரிவினர்க்குப் பள்ளியில் ஒன்றும் இல்லை. 1983இல் அறிக்கை வந்தது. நீண்ட பயிற்சி பெற்றவர்களிடம் உரிமம் பெற்ற முதற் சில மாதங்களில் சிறு நன்மை காணப்பட்டதாயினும் அது நிலைக்கவில்லை. பள்ளிகளுக்கு வந்த அரசாங்க உதவி இதனால் வற்றிப்போயிற்று. ஆசிரியத் தொழிலில் உள்ள எவர்க்கும் இந்த அறிக்கை மனவருத்தம் தரும். கற்பித்தோம், அவர்கள் தேர்ந்தார்கள், ஆயினும் கல்லாதாரைப் போலவே விபத்துக்குள்ளானார்கள்.

நார்வேயில் நடந்தது இன்னும் துன்பமானது. வழுக்கும் சாலையில் வண்டியை அடக்கும் பயிற்சி அங்கு 1979இல் கட்டாயமாயிற்று. 1988இல் ஆராய்ந்து பார்த்தபோது, இளவயது ஆண்களிடையே விபத்து குறைவதற்கு மாறாகக் கூடியிருக்கக் கண்டார்கள். வழுக்கினால் அடக்கிவிடலாம் என்று நம்பியவன் வழுக்கும் இடத்தில் வேகத்தைக் குறைப்பானா?

சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் கிரெகர்சன் இதன் காரணத்தை 1996இல் ஒரு சிறு சோதனையால் விளக்கினார். பயிலுநர் 53 பேர். ஒரு பாதிப் பேருக்கு அவசரத்தில் பிரேக் போடுவதிலும் விலகுவதிலும் திறமை வளரும்படி பயிற்சி தந்தார்கள். மறு பாதிப் பேருக்கு அதே இடத்தில், அதே வண்டியில், ‘உன் திறமை இவ்விடத்தில் உனக்குக் கைகொடுக்காது’ என்பதை அவர்களே அனுபவித்து உணரும்படி செய்தார்கள். பின்னர்ச் சோதித்தபோது இரு சாராரின் உண்மைத் திறமையிலும் வேறுபாடு இல்லை. முதற் சாரார் மட்டும் தங்களைத் திறமைசாலிகள் என்று மிகுதியாக மதிப்பிட்டுக்கொண்டார்கள். கற்பித்தல் முறையில் இதைக்காட்டிலும் நயமான பரிசோதனையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

மறைந்திருப்பதைக் காணல்

இத்தோல்விகளுக்குப் பிறகே ஆராய்ச்சி மறுபடியும் சிவப்பு எண்களின் பக்கம் திரும்பியது. மிச்சிகனில் பெல்ஸ், கிருபட் என்போர் 1974இலேயே, திரைப்படச் சாலையைப் பார்ப்பவர் கையில் ஒரு நெம்புகோலைக் கொடுத்து, அபாயம் தோன்றத் தோன்ற அதை நகர்த்தச் சொல்லியிருந்தார்கள். விபத்தில்லாமல் ஓட்டியவர்களின் கை முந்தி நகர்ந்தது. இவ்வழியே வளர்ந்து, பிரிட்டனில் 2002 நவம்பர் முதல் உரிமத் தேர்வில் அபாயம் உணர்தல் ஒரு பகுதியாயிற்று. 14 காட்சிகள், அவற்றுள் 15 அபாயங்கள், எவ்வளவு விரைவில் கண்டு பொத்தானை அழுத்துகிறாரோ அதற்கேற்ப ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரை மதிப்பெண், மொத்தம் 75இல் காரோட்டிகள் 44 பெற வேண்டும். சும்மா அழுத்திக்கொண்டே இருப்பவருக்கு அக்காட்சிக்குச் சுழியம்.

இவற்றுள் பயிற்றாசிரியர்க்கு மிக நெருக்கமான கருவியாக எனக்குப் படுவது, மாசசூசெட்ஸ் பல்கலைக் கழகத்தில் டொனால்டு ஃபிஷர் என்பவரும் அவர் தோழர்களும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த பாடம். கணினியில் நடப்பதாயினும் அதன் உயிர் ஒரு வரைபடந்தான். பறவை மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு சாலை வரையப்பட்டிருக்கும். நடப்போர் கடக்கும் வரிக்கோடுகளுக்கு முன்னே ஓரமாக ஒரு லோரி நிற்கிறது. உன் வண்டி அதைத் தாண்டிப் போக வேண்டும். உன் கண்ணுக்குத் தெரியாமல் ஆள் எங்கே நிற்கக்கூடும்? அந்த இடத்தில் வட்டம் போடு. நீ எங்கே பார்க்க வேண்டும்? அங்கே வேறொரு குறி போடு. தவறினால், லோரி எந்த அளவுக்குப் பார்வையை மறைக்கிறது என்பது விளக்கப்படும். மாணவன் மறுபடி முயல்வான். அவ்வளவுதான். ஒரு மணிக்கும் குறைவான நேரம். அதன்பின் கண்பார்வைக் கருவியை மாட்டி ஓட்டச் செய்து பார்த்தபோது, பாடம் பெற்றவர்கள் லோரியின் முன்முனையை நோக்கித் தலை திருப்பினார்கள். பெறாதவர்களிற் பலர் நேரே பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கலிபோர்னியாவில் புதிதாக உரிமம் பெற்ற இளைஞர் சுமார் 5,000 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2016இல் வெளிவந்தது. பாடம் பெற்ற ஆண்களிடையே அடுத்த ஓராண்டில் விபத்து நூற்றுக்கு 23 வீதம் குறைந்திருந்தது. பெண்களிடம் அத்தகைய வேறுபாடு தோன்றவில்லை. டிகால்ப் மாவட்டத்தின் நீண்ட பயிற்சி தராததை ஒரு மணிக்கும் குறைந்த வட்டம் போடும் பாடம் ஒரு சாராருக்கேனும் தந்தது.

சிங்கப்பூரில் 2019 டிசம்பர் முதல், செயல்முறைத் தேர்வுக்குச் செல்லுமுன் சிமுலேட்டரில் பழகுவது கட்டாயமாக்கப்பட்டது. இன்றைய பொறியில் மாணவன் திருப்பினால் சாலையும் திரும்பும். புரூக்ளின் குறை நீங்கிவிட்டது. மலேசியாவில் பயிலுநர் முதலில் வகுப்பறைப் பாடம் கேட்டு, 50 கேள்விகளில் 42க்குச் சரியான விடையளித்து, பின்னர்த் திடலிலும் சாலையிலும் பழகுகிறார். திடலில் மேடும் கம்பங்களும் இருக்கின்றன. மறைந்து நிற்கும் ஆள் இல்லை. நம் நாட்டுச் சாலைச் சாவுகளிற் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார்சைக்கிளில் செல்வோர்க்கு நேர்கின்றன. மோட்டார்சைக்கிள் கற்பிப்பவருக்கோ இரண்டாவது பிரேக் மிதியும் கிடையாது. மாணவன் பின்னால் அமர்ந்து அவன் பேசுவதைக் கேட்கவும் வழியில்லை. ஆறாம் வகுப்பு முடித்த பையன்கள் தோட்டத்துச் செம்மண் சாலையில் அண்ணனுடைய வண்டியை எடுத்துக்கொண்டு திரிவதைக் காணாத தலைமையாசிரியர் நம்மிடையே யார்?

பெருஞ்செலவில் பொறி வாங்க இயலாத ஊரிலும் ஒரு கரும்பலகை உண்டு. அதில் தோட்டத்துச் சாலை பெருஞ்சாலையோடு சேரும் முச்சந்தியைச் சுண்ணக்கட்டியால் வரையலாம். ஓரத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று, அதற்கு அப்பால் பள்ளிக்கூட வாசல், எதிர்ப்புறம் ஒட்டுக்கடை. பையன்களை ஒவ்வொருவராக அழைத்துச் சுண்ணக்கட்டியைக் கையில் கொடுத்து, ‘கண்ணுக்குத் தெரியாத ஆள் எங்கே நிற்கிறான், வட்டம் போடு தம்பி’ என்று கேட்கலாம். லோரியின் பின்பக்கத்தில் வட்டம் போடுகிறவர்களும் இருப்பார்கள். அவர்களைத் திருத்துவதற்கு முன், ஏன் அங்கே போட்டார்கள் என்று கேட்பது நல்லது.